வண்டல் இல்லாத பாட்டில்

பெல்மீருவிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "இன்னும் ஆகல." பழம் பறிக்கலாமா என்றால் இன்னும் ஆகல. ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கலாமா என்றால் அதுவும் ஆகல. டோரோ ஆற்றங்கரையில் ஒயின் செய்கிறவர்கள் எல்லோருமே பொறுமைசாலிகள்தாம். ஆனால் இந்த மனிதர் பொறுமையை ஒரு வியாதியாகவே வளர்த்து வைத்திருந்தார். தொழிலில் அதற்காகவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வீட்டில்தான் வினை.

பினியாவ் ஊருக்கு மேலே இருந்த பெரிய திராட்சைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஒயின் கொட்டகை அவர் பொறுப்பு. அறுவடையில் ஆட்கள் கல்தொட்டிக்குள் இறங்கி, தோளோடு தோள் கோத்துக்கொண்டு பழத்தை மிதிப்பார்கள். சாறு நுரைத்துப் பொங்கும். இனிப்பு பாதி மீதமிருக்கும்போதே திராட்சை ஸ்பிரிட்டைக் கலந்து அதை அடக்கிவிட வேண்டும். அப்போதுதான் அது போர்ட் ஒயின் ஆகும். பிந்தினால் இனிப்பு போச்சு, முந்தினால் வெறும் பானகம். அந்த வேளையைப் பெல்மீரு நாக்கால் அறிவார். அதனால் செப்டம்பரில் அவருக்கு வீடு கிடையாது. கட்டிலே கொட்டகைக்குப் போய்விடும். 1985 செப்டம்பரில் மகள் சிடாலியா பிறந்தபோதும் அவர் தொட்டியோரம்தான் நின்றிருந்தார்.

அந்த வருஷத்துப் போர்ட் அபாரம். இரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்து பாட்டிலுக்கு வந்தபோது, மகள் பேரில் ஒன்றை எடுத்துவைத்தார். அவர் மனைவி ஒலிம்பியா அதே தோட்டத்தில் பாட்டில் வாய்க்கு மெழுகு வைக்கிற வேலை பார்த்தாள். இதற்கும் அவளே சிவப்பு மெழுகு வைத்தாள். படுக்கவைத்த பாட்டிலின் மேல்பக்கம் பெல்மீரு வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். நல்ல போர்ட் நாள்பட நாள்பட வண்டல் விடும்; கோடு மேலே இருந்தால் அது கீழ்ப்பக்கமே படியும். யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சிடாலியாவுக்கு இருபத்துநாலு வயதில் கல்யாணம். விருந்து மேஜையில் இருந்தது கடையில் வாங்கின சாதாரண போர்ட். ஒலிம்பியா சும்மா விடுவாளா?

"பொண்ணுக்குன்னு வச்சது பொண்ணு கல்யாணத்துக்கு இல்லேன்னா வேற எதுக்கு? உன் சவப்பெட்டியில வச்சு அனுப்பவா?"

"போடி, அது இன்னும் ஆகல. நாக்கைப் பிடிச்சு இழுக்கும். நாப்பது வருஷம் ஆகட்டும், அப்புறம் பாரு."

"அப்போ நான் இருக்கணுமே."

"இருப்ப. உன் வாய்க்குப் பயந்து சாவுகூட இந்தப் பக்கம் வராது."

ஆனால் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஒலிம்பியாவின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். அந்த ஆகஸ்டில் அவள் மறுபடி கேட்டாள், இந்த முறை சண்டை போடாமல்.

"அதைத் திறந்துடலாமா, பெல்மீரு?"

திறந்தால் அவள் போகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயில் வந்ததோ அதே பழைய பாட்டு: "இன்னும் ஆகல." பிறகு அறுவடைக்குப் போய்விட்டார். டிசம்பரில் அவளை அடக்கம் செய்தார்கள்.

அதற்கப்புறம் பதினாலு வருஷம், அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் பெல்மீரு தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நாற்பது என்று அவளிடம் சொன்ன வார்த்தையையாவது காப்பாற்றி, அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிவைத்தால் மனசு ஆறும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

போன செப்டம்பரில் சிடாலியாவுக்கு நாற்பது. பெல்மீரு அதற்குள் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவளுக்கு, மேஜையில் நிமிர்ந்து நின்ற பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று. வண்டல் அடியில் இறங்கட்டும் என்று பெல்மீரு அதை இரண்டு நாளாக நிறுத்திவைத்திருந்தார்.

"அப்பா, இன்னிக்கு வேண்டாமே."

"இத்தனை வருஷம் நான் சொன்னேன். இப்போ நீ ஆரம்பிச்சிட்டியா?"

மெழுகைத் தட்டி உடைத்தார். கார்க் முழுசாக வந்தது. அவ்வளவு பழைய கார்க் பொடிப்பொடியாக அல்லவா உதிர வேண்டும்! "பாத்தியா, உங்கம்மா மெழுகு வச்சா காத்துகூட உள்ள போகாது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மூன்று கிளாஸ் வைத்தார். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஜாடியில் ஊற்றினார். வெளிச்சத்தில் வண்டல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். தெரியவில்லை. முக்கால் பாட்டில் தாண்டியும் தெரியவில்லை. கடைசிச் சொட்டுவரை தெளிவாக விழுந்தது. அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். கல்யாணத்தில் வைத்த கடைச் சரக்கு மாதிரியே இருந்தது.

"யாரு?" என்றார்.

"அம்மாதான். நானும்தான்." சிடாலியா தலையைத் தூக்கவில்லை. "அம்மா இருந்த கடைசி அறுவடைக்கு நீங்க போன மூணாம் நாள். சமையலறையில உக்காந்து காபிக் கப்புல குடிச்சோம். அப்புறம் பாட்டிலைக் கழுவி, கடை போர்ட்டை ஊத்தி, புதுக் கார்க் போட்டு, அம்மாவே மெழுகு வச்சாங்க."

பெல்மீரு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"காஞ்ச அத்திப்பழ வாசனை. தொண்டையில அப்படியே நின்னுச்சு. 'இது ஆகி ரொம்ப நாளாச்சுடி'ன்னாங்க அம்மா."

"எனக்கு ஒரு வாய் வைக்கணும்னு தோணலியா அவளுக்கு?"

"வச்சாங்கப்பா. ஒரு கிளாஸ் ஊத்தி, சாசர் போட்டு மூடி வச்சாங்க. ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க. இந்தத் தொட்டி முடியட்டும்னீங்க."

அவ்வளவு பழைய போர்ட் திறந்தால் இரண்டு நாள் தாங்கும். அது பெல்மீருவுக்குத் தெரியாததா?

"ஆறாம் நாள் மோந்து பாத்தாங்க. போயிடுச்சு. கீழ கொட்ட மனசு வரல. ஞாயித்துக்கிழமை நீங்க வந்தப்போ ஆட்டுக்குட்டிக் கறி வச்சாங்கல்ல, அதுல ஊத்திட்டாங்க."

அந்தக் கறி பெல்மீருவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தொட்டி காத்திருக்கிறதே என்று அடுப்பங்கரையில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டார். தட்டை ரொட்டியால் வழித்துவிட்டு, "இன்னிக்கு என்னடி போட்ட, நல்லா இருக்கே" என்று கேட்கவும் கேட்டார்.

"கொஞ்ச நேரம் உக்காரு, சொல்றேன்" என்றாள் ஒலிம்பியா.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.