வார் எந்தப் பக்கம்?

ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சரிவுதான் எங்கள் மைதானம். ஐம்பதுகளின் நடுவில், பத்து வயதில், அங்கே நான் கோல் காத்தேன். வீரத்தால் கிடைத்த பதவி அல்ல. எனக்கு ஓடத் தெரியாது, உதைக்கத் தெரியாது. கோலுக்குள் போன பந்தைச் செடிகளுக்குள் புகுந்து எடுத்துவரத் தெரியும். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு மட்டும்தான் பயம் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன், முக்கியமாகப் பந்துக்கு.

அந்தப் பந்தைப் பார்த்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள். நனைந்தால் பூசணிக்காய்போலக் கனக்கும் தோல் பந்து. அதன் வாயைக் கட்டிய கயிறு அறுந்தபோது, ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணன், மெஷின் பெல்ட்டை இணைக்கிற தோல் வாரால் தைத்துவிட்டார். பெல்ட்டுக்குப் போடுகிற அதே குறுக்குத் தையல், அதே முடிச்சு. வேறு தையல் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பட்டால் தோல் உரியும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். இருபத்திரண்டு வயது இருக்கும்.

பக்கத்து எஸ்டேட்டோடு முதல் ஆட்டம். பந்து வந்தது, நான் போனேன். ஆறு வரிசைச் செடி தாண்டித்தான் நின்றேன்.

"இவனுக்குப் பதிலா ஒரு கொழுந்துக் கூடையக் கவுத்தி வைக்கலாம்ணே. அது ஓடாது" என்றான் எங்கள் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னைப் பார்த்து நானே சிரிக்கிற பழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

"அடுத்த ஆட்டமும் இவன்தாம்ல நிப்பான். அப்பவும் ஓடுனா கூடையக் கொண்டா" என்றார் அண்ணன்.

எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் என் வயதுப் பையன்கள் அத்தனை பேரும் சாயங்காலம் அந்தச் சரிவில்தான் இருந்தார்கள். இடத்தைக் கூடைக்குக் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன்?

அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார்.

"பயமா இருக்காலே?"

"ஆமாண்ணே."

"நல்லாப் பயப்படு. பந்தப் பிடிக்கவும் வேண்டாம். வரும்போது வார் எந்தப் பக்கம் இருந்துச்சு, அத மட்டும் சொல்லு."

முதலில் உருட்டிவிட்டார். "மேல" என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டு சோசியம் சொல்லாதலே."

சரியாகச் சொன்னால் ஓரடி பின்னால் போய் நின்று, இன்னும் வேகமாக உதைத்தார். பரிசு அவ்வளவுதான். ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடத்தான் தோன்றியது. ஆனால் வாரைப் பார்க்கக் கண்ணைத் திறந்துதானே ஆகவேண்டும்!

இரண்டாவது ஆட்டம், சாரல் மழையில். கோல் எதுவும் விழவில்லை. முடியப்போகும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவனுக்கு மீசை அரும்பியிருந்தது. வார் என்னைப் பார்க்கும்படி பந்தை வைத்தான்.

"செடி பின்னாலதாம்ல இருக்கு, ஓடு!" என்று கத்தினார்கள் அவன் ஆட்கள்.

என் டிராயர் மழையில்தான் நனைந்தது என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

உதைத்தான். வார் கீழே போனது, பக்கத்தில் வந்தது, மேலே ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையைத் தூக்க மறந்துபோனேன். நெற்றியில் இடி விழுந்தது. பந்து வெளியே தெறித்தது. நான் மல்லாந்தேன்.

"அண்ணே, நடுவுல! வார் நடுவுல!" என்று கத்தினேன்.

அண்ணன் ஓடிவந்து என் முகத்தைத் தூக்கினார். நெற்றியில் பெல்ட் தையல், முடிச்சு உள்பட, அப்படியே பதிந்திருந்தது.

"தெரியுதுலே" என்றார். அங்கேயே பேனாக்கத்தியால் வாரை அறுத்து எறிந்துவிட்டுச் சாதாரணக் கயிறு போட்டார்.

மறுநாள் கேப்டன் கூடையோடு வந்தான். என் இடம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நெத்தி ஆறுற வரைக்கும் இதத் தலையில கவுத்துக்கிட்டு நில்லுலே" என்றான்.