சர்க்கரையை மண்ணாக்கும் இலை

புனே ஸ்டேஷனில் காபிக்காரரோடு நான் போட்ட சண்டையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காபியில் சர்க்கரை இல்லை என்றேன். போட்டார். இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை, ஒரு கரண்டிச் சர்க்கரையை என் உள்ளங்கையிலேயே கொட்டினார். வாயில் போட்டேன். மண். "கலப்படம்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எதிர் சீட்டுக்காரர் ஒரு சிட்டிகை எடுத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, "இனிக்கத்தானே செய்யுது?" என்றார். காபிக்காரர் என் நாக்கைப் பற்றி இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த மூட்டையிலிருந்து, பொழுது போகாமல், ஓர் இலையை எடுத்து மென்றிருந்தேன். சிறுகுறிஞ்சான், சர்க்கரை வியாதிக்கு மருந்து. மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பு செத்துவிடும். இதைப் பத்திரிகையில் விளக்கி எழுதியவனே நான்தான்.

அந்தக் கட்டுரையால்தான் மூட்டையும் என்னிடம் வந்தது. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே பேச்சியம்மாளும் இன்னும் சில பெண்களும் இலையை மட்டும் கிள்ளுவார்கள், கொடியைத் தொடமாட்டார்கள். மழை பெய்தால் மறுபடி தழைக்கும். அதற்கு முன்னால் விறகு சுமந்தவர்கள். சுமந்து சுமந்து பேச்சியம்மாளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. இனிமேல் சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து கொடியை அடியோடு அறுத்துப் போகிறார்கள். இலைக்கென்று தனி விலை கொடுக்கும் ஆள் பம்பாயில் கிடைத்தால் பெண்கள் பிழைப்பார்கள். எழுதுகிறவனுக்குப் பேரமும் பேசவரும் என்று நம்பி என்னை அனுப்பினார்கள்.

தாதரில் இறங்கும்போது மதியம். ஜூலை மழை. மாட்டுங்கா இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை; டாக்சிக்கு ஐந்து ரூபாய். டிரைவர் மூட்டையை முகர்ந்து பார்த்து, "கஞ்சாவா?" என்று ஆவலோடு கேட்டார். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் காதர் பாயின் மூலிகைக் கடை. கடையநல்லூர்க்காரர், பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் இருக்கும். மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தார். ஓர் இலையை மென்றார். டப்பாவிலிருந்து சர்க்கரையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மண்ணு!" என்றார், சந்தோஷமாக. "மால் ஏக் நம்பர் அண்ணாச்சி. ஒரு காம்பு இல்ல, ஒரு குச்சி இல்ல. இப்படிப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விலையைக் கேட்டேன்.

"கிலோ நாலு ரூவா."

"அது கொடியோடு அறுத்து வருவதற்கு உள்ள விலை ஆச்சே? இலை கிள்ளும் பெண்கள் எட்டு கேட்கிறார்கள்."

தொங்கிய தராசைத் தட்டிக்காட்டினார். "எனக்கு ருசி தெரியும். அம்பர்நாத்துல அரைக்கிற என் பார்ட்டி நாக்க வச்சு வாங்கலயே, தராச வச்சுல்லா வாங்குதான். கொடி, குச்சி, எல்லாம் பொடிதான்."

"கொடியை அறுத்துவிட்டால் அடுத்த வருஷம் இலைக்கு எங்கே போவீர்கள்?"

"ஆந்திராவுல இருந்து வரும். அது தீந்தா ஒரிசா." சிரிக்கவில்லை. டீ வரவழைத்தார். அந்த டீ இனித்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலு ரூபாய்க்குத் தர மனமில்லாமல் மூட்டையோடு தாராவிக்கு நடந்தேன். அங்கே பேச்சியம்மாளின் தங்கை இசக்கியம்மாள் இருக்கிறார். செம்பூரில் மூன்று வீடுகளில் சமையல். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் விறகோடு மலையிறங்கி நடந்தது ஒன்பது கிலோமீட்டர். எனக்கு ரயில்வே பாலம் வருவதற்குள்ளேயே கழுத்து கோணிவிட்டது. இத்தனைக்கும் இலை கனமே இல்லை.

இசக்கியம்மாள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. கட்டில் மேல் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் சாமி படம். மூட்டையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"செம்பூர்ல ரெண்டு வீட்டம்மாவுக்குச் சீனி வியாதி. பொட்டலம் போட்டுக் குடுத்துப் பாக்கேன். இந்த ஈரத்துல எத்தன நாளைக்குத் தாங்குமோ, பூசணம் பூத்துரும்." முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "அப்பம் அக்கா மறுபடி வெறகுக்குப் போவாளோ?"

மழை பலமாகிறது என்றேன். அவரும் கூரையைப் பார்த்துவிட்டு, "ஆமா, பலமாத்தான் ஆவுது" என்றார்.

மறுநாள் இரவு ரயிலேறினேன். பம்பாயை விட்டுப் புறப்படுகிறவர்கள் கடலைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். நான் கடலைப் பார்க்கவில்லை. ஒரு தராசைப் பார்த்தேன். நம் ஊர்த் தராசுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த வாரம் மலையடிவாரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியம்மாள் பழைய சேலைத் துணியைத் தலைச்சுமைக்குச் சும்மாடாகச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல், "இதையும் பேப்பரில் எழுதுகிறேன். யாராவது நல்லவர் கண்ணில் படும்" என்றேன்.

"எழுதுங்க அண்ணாச்சி, வேண்டாங்கல" என்றார். "ஆனா போன தடவ மாதிரி ஊர்ப் பேரு, பஸ் நம்பரு, எத்தன மைலுன்னு எல்லாம் போட்டுராதிய. அந்தக் காண்ட்ராக்டரு ஒங்க பேப்பரக் கையில வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்ட வழி கேட்டான்."