அந்த வளைவில் நடந்து பார்த்தவர்

அப்பா போன பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. சூரியநெல்லியில் ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். எட்டாவதோடு படிப்பும் நின்றுபோனவள். நாள் முழுக்கப் போன்தான். அதில் துப்பாக்கி விளையாட்டு ஒன்று. ஆட்டம் நடக்கும் இடத்தை நாமே மேப்பாகச் செய்து மற்றவர்களை விளையாட விடலாம். மண்ணை உயர்த்த ஒரு பிரஷ், பள்ளமாக்க ஒன்று, செடி வைக்க ஒன்று. நான் எங்கள் தேயிலை எஸ்டேட்டைச் செய்ய ஆரம்பித்தேன். வேறு இடம் எனக்குத் தெரியாது.

அப்பாவை ஆனை அடித்தது போன மழைக்காலத்தில். எஸ்டேட் ஆட்கள் இருக்கும் லைன் வீட்டிலிருந்து ஃபாக்டரிக்குப் போக பழைய தேயிலைக் காட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. காலை வேலைக்கு அதில் போனார். ஒரு வளைவில் அது நின்றிருந்தது. அடக்கத்துக்கு வந்த எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: பார்த்துப் போயிருக்கலாம். அடுத்த வீட்டில் இருக்கும் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, ஜெபத்துக்கு வந்த இடத்திலும் சொன்னாள்.

"ஆன என்ன எலியா, கண்ணுக்குத் தெரியாம நிக்க? பராக்குப் பாத்துட்டே போயிருக்கான் எந்தம்பி."

அம்மா வாயே திறக்கவில்லை. எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அழும்போதும் அந்தக் கோபம் இருந்தது. இவ்வளவு பெரிய மிருகத்தைப் பார்க்காமல் எப்படிப் போனீர்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மேப் பாதி ஆனதும் அந்த விளையாட்டுக்காரர்களின் தமிழ்க் குழுவில் படம் போட்டேன். கீழே சமவெளியில் இருக்கும் எலப்புள்ளிக்கார அண்ணன் ஒருவர் மட்டும் பேச வந்தார். கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஷிஃப்ட் முடிந்தால் மேப். அவர் செய்கிறதெல்லாம் வயலும் பனையும், பாய் விரித்த மாதிரி. விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம்; ஆளைப் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும்.

"ஏனுங்க அம்மிணி, இது மலைங்களா, தட்டுல கொட்டி வெச்ச இட்லிங்களா?"

"எங்க ஊரு மலைண்ணே அது."

"மலைன்னா இப்படித் தனித்தனியா உக்காந்திருக்காதுங்க. ஒண்ணு தோள்ல ஒண்ணு சாஞ்சிருக்கோணும்."

"நீங்க என்னைக்குண்ணே மலையில இருந்தீங்க?"

"கீழ நின்னு பாக்கறவனுக்குத்தானுங்க மலை தெரியும். நீங்க அதும்மேலயே நிக்கறீங்க, எங்க தெரியப்போவுது!"

அவர் சொன்னது சரிதான். இட்லிகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். ஓடை விட்டேன். தேயிலை வைத்தேன். குறுக்குப் பாதையையும் போட்டேன். அதை யோசித்துப் போடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்த பாதை, விரல் தானாகப் போனது. வளைவும் வந்தது. மேலே இருந்து பார்க்கும்போது அது சின்ன நெளிவுதான். அந்த இடம் வந்ததும் வேகமாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த மதியம், அண்ணன் மேப்புக்குள் இறங்கி நடந்து பார்க்கிறேன் என்றார். அவருடைய பொம்மை ஆள் முன்னால் போக, நான் என் ஆளைப் பின்னால் விட்டேன். லைன் வீட்டைத் தாண்டினோம். ஓடையைத் தாண்டினோம். "இப்பத்தானுங்க மலையாட்ட இருக்குது" என்றார். பாதையில் ஏறினார். வளைவில் நின்றுவிட்டார்.

"அம்மிணி, இந்த எடம் ஆகாதுங்க."

"ஏண்ணே?"

"மேல மேடு, கீழ செடி. அந்தப் பக்கம் ஒருத்தன் நின்னா இங்கிருந்து சுத்தமாத் தெரியாதுங்க. வர்றவன் எத்தனை சூதானமா வந்தாலும் சாவுதான். அவனைத் தப்புச் சொல்ல முடியாதுங்க."

என் ஆளை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். மேடும் இலையும்தான் தெரிந்தன.

"அம்மிணி? இருக்கீங்களா? டவர் போயிருச்சா?"

"அண்ணே, நான் அந்தப் பக்கம் போய் நிக்கேன். நீங்க கீழ இருந்து மறுபடி வாங்க. மெதுவா வாங்க. நான் எப்பத் தெரியிறேன்னு சொல்லுங்க."

அவர் வந்தார். நான் நின்றேன். ஆனை நின்ற இடத்தில் நின்றேன். அவர் ஆள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு வந்தது. வந்து என்மேல் முட்டியது.

"முட்டற வரைக்கும் தெரியலீங்க. விடுங்க, ரெண்டு நிமிசம். மேட்டைச் செதுக்கிட்டாச் சரியாப் போயிரும்."

"தொடாதீங்க!" நான் கத்திவிட்டேன். "எங்கப்பா அங்கனதாண்ணே செத்தாரு. ஆன அடிச்சு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"சாமி... தெரியாமப் பேசிப்புட்டேனுங்க" என்றார். பிறகு, "மேட்டைத் தொடலைங்க அம்மிணி. அப்படியே இருக்கட்டுங்க."

வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எந்நேரமும் இதே சனியன்" என்றவள் நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம குறுக்கு வழியில்லா?"

"ஆமா. வளைவு."

கை ஈரத்தைச் சேலையில் துடைக்காமலே போனை வாங்கினாள். எப்படி நடப்பது என்று காட்டினேன். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி வளைவு வரை போனாள்.

"செடி இம்புட்டு குட்டையா இருந்துச்சு? அந்தக் காட்டுல கவாத்து வெட்டியே எத்தன வருசமாச்சு. எல்லாம் மரமா நிக்கி. என் தலைக்கு மேல நிக்கி. காலையில மஞ்சு வேற மூடிக்கிடும்."

பள்ளிக்கூடம் போன காலத்து நினைப்பில் நான் இடுப்பளவு செடிதான் வைத்திருந்தேன். இடுப்பளவுக்கே தெரியவில்லை.

"அப்ப அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"எப்பிடித் தெரியும்? மூக்கு முட்டுனாத்தான் தெரியும்."

"எல்லாரும் அத்தனை பேச்சு பேசும்போது நீ ஏம்மா சும்மா இருந்த?"

"என்னட்ட யாரு கேட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. எவ்வளவு அரிசி போடட்டும் என்று கேட்கிற குரலில் சொன்னாள். நானும் கேட்கவில்லை. அவள் தினமும் கொழுந்து கிள்ளுகிறவள், ஒவ்வொரு காட்டிலும் செடி எவ்வளவு உயரம் என்று அவள் உடம்புக்கே தெரியும். ஒரே வீட்டில் படுத்து எழுந்து, இத்தனை மாதமாக நான் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"செடிய ஒசத்த முடியுமாட்டி இதுல?"

உயர்த்தினேன். இன்னும் என்றாள். இன்னும் உயர்த்தினேன். திரை முழுக்க இலையாகிவிட்டது. மறுபடி வாங்கி நடந்து பார்த்தாள். பிறகு எழுந்து, மீனை அப்படியே போட்டுவிட்டு, போனோடு வாசலுக்குப் போனாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அடுத்த வீட்டில், அத்தையின் கதவை அவள் தட்டுவது கேட்டது.

"மைனி, செத்த வெளிய வாங்க. ஆன என்ன எலியான்னு கேட்டீங்கல்லா? இதுல நடந்து பாத்துட்டுச் சொல்லுங்க."