லூசிட் என்றால்

சுடலைமாடத்தி சட்டி சுமந்து எழுந்த கட்டடங்கள் திருவனந்தபுரத்தில் நிறைய உண்டு. கல்யாணமான புதிதில் வள்ளியூர்ப் பக்கமிருந்து புருஷன் சுடலைக்கண்ணுவோடு வந்தவள், கரமனை ஆற்றோரம் ஒரு வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டாள். அவன் கொத்தன், அவள் சித்தாள். மகள் ஷிபாவைப் படிக்கவைத்துவிட வேண்டுமென்று இருவருக்கும் வெறி. சாமி காரியத்தில் மட்டும் சுடலைமாடத்தி யார் சொல்லும் கேட்கமாட்டாள். நேர்ந்துகொண்டால் அன்றைக்கே செய்து முடிக்கவேண்டும்.

போன மழைக்காலத்தில் சுடலைக்கண்ணு சாரத்திலிருந்து விழுந்தான். மண்டையில் அடி. கண் செருகிக் கிடந்தவனை மடியில் போட்டுக்கொண்டு, "பழவங்காடிப் பிள்ளையாரே, ஆளைத் தந்திரும், இன்னைக்கே அவரு கையாலயே தேங்கா உடைக்க வைக்கேன்" என்று அலறினாள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் கண் திறந்து, "செருப்பு எங்கட்டி?" என்று கேட்டான்.

டாக்டர் அவனிடம் பேர் கேட்டார், ஊர் கேட்டார். நர்ஸிடம் "லூசிட்" என்றார். ஸ்கேன் எடுக்காமல் போகக்கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்த ஷிபாவிடம் சுடலைமாடத்தி கேட்டாள். "லூசிட்டுன்னா என்ன மக்களே?"

"தெளிவுன்னு அர்த்தம். அப்பாக்கு நல்ல புத்தித் தெளிவு இருக்காம்."

அது போதும் அவளுக்கு. ஸ்கேனுக்கோ பெரிய வரிசை. ஆட்டோ பிடித்தால் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

"ஸ்கேன் கழிஞ்சிட்டுப் போலாம்மா" என்று ஷிபா கெஞ்சினாள்.

"தெளிஞ்ச ஆளுக்கு என்ன ஸ்கேனு? நீதான சொன்ன?"

கோயில் வாசலில் சுடலைக்கண்ணு முதல் தேங்காயை ஓங்கி உடைத்தான். இரண்டாவதை எடுத்தவன், "தல வலிக்கி" என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்தான். அப்புறம் கண் திறக்கவில்லை.

அதே டாக்டர் பிற்பாடு பொறுமையாக விளக்கினார். மண்டைக்குள் ரத்தம் கட்டும்போது, இடையில் கொஞ்ச நேரம் ஆள் தெளிவாகப் பேசுவானாம். அந்தத் தெளிவை நம்பக்கூடாதாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் நமக்கு வாயில் வரும். கட்டிலுக்குக் கட்டில் ஓடுகிற மனுஷனைச் சொல்லி என்ன செய்ய! அர்த்தத்தை ஷிபா சரியாகத்தான் சொன்னாள். டாக்டர்மார் எதற்கு அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள் என்பது எந்தப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஷிபா பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நான் சொன்னதுனாலதானேம்மா?"

சுடலைமாடத்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை இத்தனை நாளும் இதையா சுமந்துகொண்டிருந்தாள்?

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல மக்களே. போகாண்டாம்னுதான சொன்ன. ஒங்கப்பன இழுத்துட்டுப் போனது நான்."

மறுநாளே ஷிபா பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். இன்றுவரை ஒழுங்காகப் போகிறாள். அம்மாவோடுதான் பேசுவதில்லை.