சம்பூர்ணம் கணக்கில் வராத ஊர்

சம்பூர்ணத்துக்கும் எனக்கும் ஆகாது. குழாயடியில் எத்தனையோ முறை மோதியிருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரி என்பதற்காக நான் அவளைத் தூக்கிப் பேசுகிறவள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் உழைக்கிற ஆள் யார் என்று கேட்டால் அவளைத்தான் கை காட்டுவேன். வெள்ளாமை நாளில் பருத்திக் காடு, மற்ற நாளில் நூறு நாள் வேலை. அவள் புருஷன் மணிவேல் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். குடித்துவிட்டு ஓட்டினான் என்று முதலாளி இறக்கிவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து பொண்டாட்டி கூலியில் உட்கார்ந்து தின்கிறான். அந்தக் காக்கிச் சட்டையை மட்டும் இன்னும் கழற்றவில்லை, வெட்கங்கெட்டவன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊரை டவுன் என்று எழுத, ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும், நெருக்கமாகக் குடியிருக்க வேண்டும், வேலைக்குப் போகும் ஆண்களில் நாலில் மூன்று பேர் விவசாயமல்லாத வேலை பார்க்க வேண்டும். முதல் இரண்டும் எங்களுக்கு எப்போதோ வந்துவிட்டன. மூன்றாவதுதான் இந்தத் தடவைக் கணக்கில் தெரியும். டவுன் என்று எழுதிவிட்டால் அதைக் காட்டியே பேரூராட்சி ஆக்கி, நூறு நாள் வேலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சம்பூர்ணம் பயந்தாள். அந்த வேலை போனால் கோடையில் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

கணக்கெடுக்க சிவரஞ்சனி டீச்சர் வந்தபோது, அடுத்தது எங்கள் வீடு என்பதால் நானும் எங்கள் வாசலில் நின்றேன்.

"என்ன வேலைண்ணே?"

"டிரைவரு" என்றான் மணிவேல்.

"போன வருஷம் ஆறு மாசமாச்சும் ஓட்டுனீங்களா?"

"வருஷம் பூராவும்தான்."

கொஞ்சமும் நா கூசவில்லை.

"அவங்க?"

"அவ சும்மா வூட்டுலதான் இருக்கா."

பருத்தி மூட்டையோடு அப்போதுதான் வந்த சம்பூர்ணம் அதைக் கேட்டுவிட்டாள். மூட்டையை அவன் காலடியிலேயே போட்டாள்.

"பொய் சொல்றான் டீச்சர். லாரியத் தொட்டு வருஷமாச்சு. ஒக்காந்து திங்கிறான்னு எழுதுங்க. காட்டு வேலைக்குப் போறது நானு. எங்க தெருவுல பொம்பளைங்க அத்தன பேரும் காட்டுலதான் கெடக்குறோம். அப்புறம் எப்புடி இது டவுனாவும்?"

டீச்சர் தயங்கினார். "உங்க வேலையையும் எழுதிக்கிறேங்க. ஆனா டவுனா கிராமமான்னு பாக்கறப்ப ஆம்பளைங்க வேலைய மட்டுந்தான் பாப்பாங்க."

சம்பூர்ணம் மணிவேல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நாளைக்கி நீ வாய்யா பருத்தி எடுக்க. நீ வந்தாதான் இது கிராமமாம்."

"நான் டிரைவருடி. பொம்பளைங்களோட குனிஞ்சு பருத்தி எடுக்கச் சொல்றியா?"

அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படியே எங்கள் வீட்டுக்குள் நடந்தாள்.

"ராத்திரிச் சோத்த ஒன் லாரிக்கிட்டப் போயிக் கேளு."

நான் பின்னாலேயே போய் எங்கள் கதவை உள்ளே தாழிட்டேன்.