கிணற்றுப் பங்கும் வங்காநரியும்

எங்கள் வீட்டுக்குள் வங்காநரி புகுந்து பானைகளை உடைத்த கதையை என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு கணக்கில் சொல்லுகிறார்கள். மூத்தவன் ஏழு பானை என்கிறான். அவன் பெண் ஒன்பது என்கிறாள். உடைந்தவை நான்கு. அடுக்குப்பானை மூன்று, மோர்ப்பானை ஒன்று. நரி புகுந்தது என்பதும் தப்பு. நாங்களாகவே அதை வலைபோட்டுப் பிடித்துவந்து, கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்கு அடியில் வைத்து, மேலே அம்மிக்குழவியையும் ஏற்றிவைத்திருந்தோம். தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் வாழப்பாடிக்குத் தெற்கே, ஒரு கரட்டுக் குன்றை ஒட்டி இருந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கல் முடிந்ததும் ஆண்கள் வலைகளோடு காட்டுக்குப் போய் ஒரு வங்காநரியை உயிரோடு பிடித்துவருவார்கள். பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் கறுப்பு. அதற்கு மாலை போட்டு, மேளத்தோடு மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், ஊரார் எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தபிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் நினைத்தது கூடும் என்று நம்பிக்கை. இப்போது அதற்குத் தடை வந்துவிட்டது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நரியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பங்கு பிரிப்பதென்று முடிவாயிற்று. கிழக்குப் பங்கில் கிணறு இருந்தது. நாற்பத்தொரு படி; கோடையிலும் கடைசி ஆறு படி தண்ணீருக்குள் இருக்கும். மேற்குப் பங்கு மேட்டுக்காடு. கிணறு இல்லாததற்கு ஈடாக இரண்டு ஏக்கர் அதிகம். ஆனால் அந்த மண்ணில் மழை பெய்தால்தான் சோளம், பெய்யாவிட்டால் கல். இரண்டு பேருக்கும் கிணறு வேண்டும். பேசிப் பேசி, கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டுவிடுங்கள் என்று மணியக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் பத்து வயதுக்குக் கீழே ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். பெரியப்பாவுக்கு ஐந்தும் பெண்கள். சீட்டை நான்தான் எடுக்கவேண்டும், நான் எடுக்கிற முதல் சீட்டு எங்கள் பங்கு என்று பேச்சு. கரிநாளுக்கு மறுநாள் காலை, வெயில் கோயில் படியைத் தொடுவதற்குள் எடுத்துவிடவேண்டும்.

அந்த வருஷம் நரி விழுந்தது எங்கள் வலையில். வலைக்காரன் வீட்டில் ஓர் இராத்திரி நரியை வைத்துக்கொள்வது வழக்கம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அதைப் பார்த்துவிட்டால் கிணறு எங்கும் போகாது என்று கணக்குப் போட்டுவிட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட, வெள்ளைச் சேலையோடு திரும்பிவந்தவள். தினமும் என்னை எழுப்பி, பல் விளக்க வைத்து, சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பவள் அவள்தான். சாதாரண நாட்களில் அவள் முகத்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. விதைப்பு, பயணம், சந்தை என்று ஏதாவது இருந்தால் மட்டும் அவள் விடிவதற்கு முன்பே எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரும் சொல்லவேண்டியதில்லை. அன்றும் அப்படித்தான் போனாள். பிரிந்தபிறகு அவள் எங்கள் பங்கோடு இருப்பது என்று முன்பே பேச்சாகியிருந்தது. கிணறு வந்தால் அவளுக்கும்தான் சோறு.

இருந்தாலும் அப்பாவுக்குத் தைரியம் போதவில்லை. முதல்நாள் படுக்கும்போதே தம் துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டார். புகையிலை நெடி. தலையை அசைத்தால் முடிச்சு குத்தியது. சேவல் மூன்று தடவை கூவும்வரை எண்ணிக்கொண்டே கிடந்தேன். கட்டு நழுவிவிடுமோ, நழுவி யாரைப் பார்த்துத் தொலைப்பேனோ என்று கை அடிக்கடி தலைக்குப் போயிற்று.

விடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணும் மூடியிருந்தது. அப்பா கண்ணும் மூடியிருந்தது. சீட்டு எடுப்பவன் நான் என்றாலும், மூன்று பேர் பார்த்தால் பலம் கூடும் என்று அவர் நினைத்தார். கண் திறந்திருந்தவர் மாமன் ஒருவர்தான்; நான் பார்க்காததெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். அம்மாவின் தம்பி, பங்குக்குச் சாட்சியாக மல்லசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். அவர்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது.

“ஏனுங்க மச்சான், எங்கூர்ல நரியப் பாத்தா கோழிய எண்ணிப் பாப்பமுங்க. நீங்க என்னடான்னா கெணறு கேக்கறீங்க” என்றார்.

“நீ பேசாம பஞ்சாரத்தத் தூக்கு. எங்கண்ணன் ஊட்டுல இந்நேரம் காள மூஞ்சியில முழிச்சிருப்பாங்க” என்றார் அப்பா.

நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தோம். படுக்கையிலிருந்து சமையல்கட்டுக்குப் பதினோரு எட்டு. மாமன் குழவியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பஞ்சாரத்தை ஒரு சாண் தூக்கி நரியின் முகத்தை மட்டும் காட்டுவது என்று ஏற்பாடு. தரையில் தேய்த்து வாய்க்கட்டைக் கழற்றி, கால் கயிற்றையும் அது இராத்திரியே கடித்துத் தின்றிருந்தது யாருக்கும் தெரியாது.

“ஐயோ சாமி!” என்றார் மாமன். ஏதோ ஒன்று என் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று.

“யாரும் கண்ணத் தொறக்காதீங்க!” என்று அப்பா கத்தினார். திறந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிடுவோமே என்று அவருக்குப் பயம். நரி ஓடுகிறது, அதைத் தேடுகிற மூன்று பேருக்கும் கண் மூடியிருக்கிறது. அம்மா அடுக்குப்பானையில் மோதினாள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மோர்ப்பானை அப்பாவின் கால் பட்டு உடைந்தது. நரி ஒரு பானையைக்கூட உடைக்கவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

“எங்கடா இருக்குது?”

“அடுப்புக்கிட்டங்க மச்சான்.”

அப்பா அடுப்பு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தொறக்கட்டுமா?” என்றார்.

“இல்லீங்க, இப்ப ஒரலுக்குப் பின்னாடி போயிருச்சுங்க. திரும்புங்க. இன்னுங் கொஞ்சம். ஐயையோ, தொறந்துராதீங்க, அங்க எங்கக்காதான் நிக்கறா!”

“ஏண்டா, நானென்ன நரியவிட மட்டமா?” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

மாமன் பாய்ந்து பிடித்தார். அது அவர் கட்டைவிரலைக் கடித்தது. அவர் போட்ட சத்தத்தில், உள்ளறைக்குள் இருந்த அத்தை என்னவோ ஏதோ என்று கதவை ஒரு விரற்கடை திறந்தாள். அது போதுமாக இருந்தது. நரி உடம்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அத்தை பயத்தில் கதவைப் படீரென்று சாத்தினாள்.

மோர் என் கால்விரல்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தது.

“நரி உள்ளயா இருக்குது?” என்று அப்பா கதவருகே கேட்டார்.

“உள்ளதாண்ணா.”

“நீ?”

“நானும் உள்ளதாண்ணா இருக்கறன். வேறெங்க போவன்?”

மாமன் விரலை உதறிக்கொண்டே, “கூட்டறதும் கழிக்கறதும் ஒரே ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சுங்க மச்சான். மிச்சம் எவ்வளவு வருமுங்க?” என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “மூஞ்சிய நல்லா மூடிக்கிட்டு, அதப் புடிச்சு வெளிய தள்ளு” என்றார்.

“மூஞ்சிய மூடிக்கிட்டா நரி எங்க இருக்குதுன்னு எப்படிண்ணா தெரியும்?”

கால்மணி நேரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நரியைத் தேடிய மனிதரிடம் இதைக் கேட்டாள். வாசலில் தலையாரியின் குரல் கேட்டது. மணியக்காரர் கோயிலுக்கு வந்துவிட்டார், வெயில் ஏறுகிறது, பையனை அனுப்பச் சொல்கிறார். அப்பா இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தை முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரவேண்டும். நரி எந்த மூலையில் என்று வாயால் சொல்லவேண்டும். என்னை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நான் அந்த மூலையைப் பார்த்துக் கட்டை அவிழ்க்கவேண்டும்.

உள்ளே தள்ளினார்கள். கதவு சாத்திக்கொண்டது. நரியின் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது. அது எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“சோத்துக்கைப் பக்கம் சாமி, நெல்லு மூட்டைக்குப் பின்னால. அங்க பாத்துக்கிட்டு அவுரு. இந்தப் பக்கம் திரும்பாத” என்றாள் அத்தை.

துண்டை இழுத்தேன். பிறந்ததிலிருந்து எந்தக் குரல் கேட்டால் திரும்பிப் பழகியிருந்தேனோ அந்தப் பக்கமே திரும்பினேன்.

அவள் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். நான் விழுந்துவிடுவேனோ என்று அந்த நேரம் பார்த்து அவளும் திரும்பியிருந்தாள். முந்தானை நழுவியிருந்தது. நரி தாவியபோது கீறிய கோடுகள் இடது கன்னத்தில் மூன்று இருந்தன, இரத்தம் துளிர்த்துக்கொண்டு. ஒரு நொடிதான். அவள் கண் பெரிதாயிற்று. உடனே எட்டி என் மோவாயைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். மூட்டைகளின் சந்தில் கூரான மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன. எங்களைவிட அதற்குத்தான் பயம்.

“யாரடா பாத்தே?” என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள்: “நரியத்தாண்ணா பாத்தான். நான் செவத்தப் பாத்து உக்காந்திருக்கறன்.”

கோயில் வாசலில் பித்தளைச் சொம்புக்குள் இரண்டு சீட்டு. மனத்துக்குள் பத்துவரை எண்ணினேன். ஏழிலேயே கை உள்ளே போய்விட்டது. மணியக்காரர் பிரித்துப் படித்தார். கிழக்கு. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். பெரியப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, காளைமாட்டைத் திட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் நரியைச் சாக்கில் பிடித்துச் சாமந்தி மாலை போட்டார்கள். காட்டில் விடும்போது அம்மா சந்தோஷத்தில் அதற்கு ஒரு கோழியைக் கொடுத்தாள். அத்தை வளர்த்த கோழி, முட்டையிடுகிற கோழி. “திருடியிருந்தாக்கூட இவ்வளவு மரியாதையாக் கெடச்சிருக்காதுங்க” என்றார் மாமன்.

வீட்டில் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மேலே தெரியாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும் கரும்பும் விளைந்தன. அது நரி கொடுத்த கிணறு என்று அப்பா சாகும்வரை சொன்னார். அத்தை அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் இருந்தாள். என் தங்கை கல்யாணத்தன்று உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. என் கல்யாணத்தன்றும் சாத்தியிருந்தது. விதைப்பு நாட்களையும் பயணங்களையும் சேர்த்து எத்தனை தடவை என்று பிற்பாடு எண்ணப் பார்த்திருக்கிறேன். இருநூறைத் தாண்டியபிறகு விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அத்தை கொல்லையில் உட்கார்ந்து கன்னத்துக் கீறலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் அவள் காதில் சொன்னேன்.

“மொதல்ல உன்னத்தான் அத்த பாத்தேன்.”

“தெரியும்.”

“அப்புறமும் கெணறு நமக்கு வந்திருச்சே.”

அவள் கை நின்றது. மஞ்சள் விரலோடு என்னையே பார்த்தாள்.

“வந்திருச்சுதான். உங்கப்பாகிட்டச் சொல்றியா?” என்றாள்.

என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். ரகசியம் காக்கத் தெரிந்தவனா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். “சத்தியமாச் சொல்ல மாட்டேன் அத்த” என்று அவள் உள்ளங்கையில் அடித்தேன். அவள் கொஞ்சநேரம் அந்தக் கையை மூடாமலே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, போய் வெளையாடு” என்றாள்.

முற்றத்தில் அப்பா நாலைந்து பேருக்கு நரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடியில் இழுத்துக்கொண்டு, “சொல்லுடா, யாரு மூஞ்சியில முழிச்சே?” என்று கேட்டார்.

நரி என்றேன். கொல்லையில் இருக்கிற அத்தைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.