சங்கிலி ஜெபம்

எங்கள் சபையில் என்னைப்போல் ஜெபிக்கிற பிள்ளை கிடையாது என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். ஞாயிறு பள்ளியில் மற்ற பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஒரு ஸ்தோத்திரத்தைச் சொல்லிவிட்டு பிஸ்கட்டுக்குக் கை நீட்டுவார்கள். நானோ பெரியவர்களிடமிருந்து பொறுக்கிய வார்த்தைகளையெல்லாம் கோத்து, பிஸ்கட் நமத்துப்போகும்வரை இழுப்பேன். ஆன்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாவை அடக்குவதைப் பற்றிய வசனங்களை ஒப்பித்துப் பரிசு வாங்கியவளும் நானேதான். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போது நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. மாமா செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டினார். அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் அவர் வீட்டில் இல்லை. குடியை விட நினைப்பவர்களுக்காக, பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊழியக்காரர் நடத்திய இல்லத்தில் இருந்தார். சபையில் விசாரித்தவர்களிடம் ஜொகூரில் வேலை என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். என்னைத் தனியாக அழைத்து, "யார்கிட்டயும் வாய தொறக்கக் கூடாது, தெரியுதா? தொறந்தா வாயில மொளகாதான்" என்றார். நானும் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்த மாமா குடியைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. வாய் ஓயாமல் கதையளந்த மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்த பிறகுதான் கொஞ்சம் பழைய களை தெரிந்தது. பெண் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்த்தார். அந்த அக்கா போனில் பேசிய நாட்களில் மாமா சீட்டியடித்துக்கொண்டே லோரியைக் கழுவுவார்.

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை பார்க்கத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவதில்லை. வீட்டு ஜெபக்கூட்டம் என்று அழைப்பார்கள். பிடித்திருந்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் ஜெபத்துக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு போய்விடலாம், யாருக்கும் முகம் வாடாது. அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த அக்கா தன் அப்பா அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சபையிலிருந்து இன்னும் சிலர். சோபாவை ஒதுக்கி, பாய் விரித்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். புதுச் சட்டை மாட்டியிருந்த மாமா தலை நிமிரவே இல்லை.

பாட்டும் செய்தியும் முடிந்து கடைசியாகச் சங்கிலி ஜெபம். பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். முடித்தவர் அடுத்தவரின் கையை அழுத்தினால் அவருடைய முறை. எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பெண்ணின் அம்மா. அம்மா முடித்துவிட்டு என் கையை அழுத்தினார்.

கிள்ளான்காரர்கள் முன்னால் என் சரக்கு முழுவதையும் இறக்கினேன். நாட்டுத் தலைவர்கள், வியாதியஸ்தர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லோரும் முடிந்தும் எனக்கு மூச்சு மீதமிருந்தது. மனிதர்களிடம்தான் வாயைத் திறக்கக் கூடாது. ஆண்டவருக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் தெரியுமே.

"பரிசுத்தமுள்ள பிதாவே, எங்க மாமாவ பந்திங் ஹோம்ல வெச்சு குடியில இருந்து விடுதலையாக்குனீரே, ஸ்தோத்திரம். அவர் மறுபடியும் குடிச்சிட்டு வந்து ஜன்னல் கண்ணாடிய ஒடைக்காதபடி, அம்மா அழாதபடி, கிருபையாய்க் காத்துக்கொள்ளும்."

அம்மா என் கையை நசுக்கினார். ஜெபம் நன்றாக அமைந்தால் பெரியவர்கள் அப்படிக் கையை இறுக்குவது உண்டு. எனவே ஜன்னல் கண்ணாடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொன்னேன். முடித்தபோது மாமா மட்டும் ஆமென் சொன்னார். அடுத்தவருக்கு முறை கொடுக்க அழுத்தலாம் என்று பார்த்தால், பெண்ணின் அம்மாவுடைய கை என் கையில் இல்லை.

"பிள்ள என்ன சொல்லுது?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

அம்மா அவசரமாகச் சிரித்தார். "சின்னப் பிள்ளதானே அண்ணே. டிவியில நாடகத்தப் பார்த்துட்டு எதையாச்சும் ஒளறும். எல்லாம் கற்பனை லா."

பெண்ணின் அப்பாவுக்கும் அதை நம்பத்தான் ஆசை போலிருக்கிறது. முகம் தெளிந்து என் பக்கம் குனிந்தார். "அப்படியா பாப்பா? டிவியில பார்த்ததா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவருடைய கண் கெஞ்சியது. ஜெபத்தில் பொய் சொன்னவளாக நான் எப்படி ஆவது? அப்போதுதான் மாமா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார்.

"இல்லக்கா. பிள்ள பொய் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மீகூன் சேமியா பரிமாறினோம், மரியாதைக்குக் கொஞ்சம் கொறித்தார்கள். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அந்த அக்கா வாசலில் செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மாமா இரும்புக் கதவைத் திறந்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்றார். கிள்ளானிலிருந்து பிறகு போன் வரவே இல்லை.

நான் வேலைக்குப் போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் அப்பாவைக் கீழே அழைத்துப்போய், எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிடுவதாக மாமா முடிவு செய்திருந்தாராம். பல நாள் யோசித்து, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாராம். மறைத்துக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அம்மாவிடம் சண்டையே போட்டிருக்கிறார். நான் முந்திக்கொண்டேன். அதற்குப் பிறகு, நானே சொல்வதாகத்தான் இருந்தேன் என்று மாமா சொன்னால் யார் நம்புவார்கள்? அதையும் விழுங்கிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, அவர் கெட்டார். மாமா இன்றுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பேசித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அன்றைக்கு நான் செய்ததுதான் என்னை இன்னும் கூசவைக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை என்று மாமா சொன்னதும், அதை எனக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு வட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பெருமையோடு பார்த்தேன். எல்லோரும் போனதும் அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா நடுவில் வந்து, "விடுக்கா" என்று சொல்லிவிட்டு, என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அவர் தட்டுகளைக் கழுவினார், நான் துடைத்தேன்.

"என் ஜெபம் எப்படி மாமா?"

"ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்."

"அந்த அக்காவுக்கும் நல்லா கேட்டிருக்கும் மாமா. நான் சத்தமாத்தானே பண்ணேன்."

மாமா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு, நான் துடைத்து அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். பாவம், மாமாவுக்குப் பாத்திரம் கழுவத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் கொடுக்கக் கொடுக்க வாங்கித் துடைத்தேன்.